கைப்பொறி

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்து ஒன்றில் நடத்துநர் ஒருவர் பணிபுரிந்து வந்தார். இருபது ஆண்டிற்கு மேற்பட்ட பழக்கம் அவருக்கு உண்டு. வண்டி நிலையத்தை விட்டு நகருமுன் அவர் தவறாமல் செய்யும் செயல் ஒன்று இருந்தது. தம் கையிலுள்ள சீட்டுப் பொறியைத் திருப்பி, அதன் முதுகிலுள்ள மின்கல மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பின்னர் ஒரு ரப்பர் வளையத்தை அதன்மேல் இரண்டு சுற்றாக மாட்டுவார். அதன் பிறகே விசில் ஊதுவார். புதிதாக ஏறிய பயணியர் சிலர் இதனைக் கண்டு, தொழிலைத் தொடங்குமுன் கருவியைத் தொட்டு வணங்குகிறார் போலும் என்று எண்ணியதும் உண்டு.

வணங்கியதாகக் கொண்டாலும் குற்றம் இல்லை. அம்மூடி ஒரு நூலளவு நெகிழ்ந்தாலும் பொறி அணைந்துவிடும். பொறி அணைந்தால் அன்றைய கணக்குக் குழம்பிவிடும். கணக்குக் குழம்பினால், குறையும் பணத்திற்கு அவரே விடை சொல்ல வேண்டும்.

உள்ளங்கை அகலமே உடைய அப்பொறியும் ஒரு கணிப்பொறியே ஆகும். கணிப்பொறி என்றவுடன் மேசைமேல் வீற்றிருக்கும் பெரிய திரையே பலர் மனக்கண்முன் தோன்றும். ஆயினும், எண்ணுவதற்குச் செயலி, எண்ணியதை மறவாதிருக்க நினைவகம், கட்டளை ஏற்க விசைகள், விடை காட்டச் சிறு திரை ஆகியவை ஒருங்கே அமைந்த எதுவும் கணிப்பொறியேயாம். நடத்துநர் கையிலிருந்த கருவியில் இவற்றோடு சீட்டு அச்சிடும் சிற்றுறுப்பு ஒன்றும், காகிதச் சுருள் ஒன்றும் சேர்ந்திருந்தன. மேசைக் கணிப்பொறிக்குக் கூரை உண்டு, நிழல் உண்டு, மின்விசிறியும் உண்டு. இதற்கோ நடத்துநரின் வியர்த்த கையே வீடு.

இப்பொறி வருமுன் அவர் பட்ட பாட்டை அறிந்தால்தான் இதன் அருமை புலப்படும். அக்காலத்தில் ஒவ்வொரு கட்டணத்திற்கும் ஒவ்வொரு நிறமுள்ள சீட்டுக் கட்டு இருந்தது. கட்டுகள் எல்லாம் இடக்கை விரல்களின் இடையே விசிறிபோல் விரிந்திருக்கும். வழியில் கட்டணக் கட்டம் மாறுந்தோறும், எந்தக் கட்டில் எந்த எண்வரை கிழித்தாயிற்று என்பதை வழிப்பட்டியலில் எழுதியாக வேண்டும். குலுங்கும் வண்டியில், ஒரு தோளைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, ஒரு காதைப் பயணியரிடம் கொடுத்துக்கொண்டு அவர் எழுதுவார். இரவில் பணிமனைக்குத் திரும்பியபின் கூட்டலும் கழித்தலும் நெடுநேரம் நடக்கும். பொறி வந்தபின் இவ்வளவும் சில விசைகளில் அடங்கிற்று. ஏறிய ஊர், இறங்கும் ஊர், ஆள் எத்தனை என்று அழுத்தினால் சீட்டு வெளியே வரும். கணக்கு உள்ளே ஏறும். முதல் மாதத்தில் அவர் இதனை ஒரு வரமாகவே கருதினார். வீட்டில் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

2012-ஆம் ஆண்டு, கத்திரி வெயிற்காலம். அன்று முகூர்த்த நாளும் ஆகையால் வண்டியில் கால் வைக்க இடம் இல்லை. விக்கிரவாண்டியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறிற்று. பட்டுப்புடைவைகளும், வாழைத்தார்களும், அழுகிற குழந்தைகளும் ஆக வண்டி நிறைந்தது. நடத்துநர் நெருக்கத்தில் நீந்திச் சென்று அனைவருக்கும் சீட்டுக் கொடுத்து முடித்தார். கூட்டேரிப்பட்டு நெருங்குகையில், சாலையிலிருந்த ஒரு மேட்டில் வண்டி ஏறி இறங்கியது. பொறியின் திரை ஒருமுறை கண் சிமிட்டிப் பின் இருண்டது.

அவர் தட்டினார், ஊதினார், மூடியைக் கழற்றி மீண்டும் பொருத்தினார். சிறிது நேரத்தில் பொறி விழித்துக்கொண்டது. ஆனால் அது விழித்தது வேறொரு நாளில்! 2000-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் என்று திரை காட்டியது. விக்கிரவாண்டிக்குப் பின் கொடுத்த சீட்டுகளின் கணக்கையும் காணவில்லை. இதற்குள் வண்டி கூட்டேரிப்பட்டில் நின்றது. மேலும் சிலர் ஏறினர். அவர்களைச் சீட்டின்றி விட முடியுமா? வந்தது வரட்டும் என்று அவர் அந்தப் பழைய நாளிலேயே சீட்டுகளை அச்சிட்டுக் கொடுத்தார்.

திண்டிவனத்திற்குச் சற்று முன்பாகப் பரிசோதகர் ஏறினார். அவர் கையில் முதலில் அகப்பட்டது, பேரனோடு வந்த ஒரு மூதாட்டியின் சீட்டு.

“இது என்ன ஐயா, பன்னிரண்டு ஆண்டுக்கு முந்திய சீட்டு?” என்று அவர் நடத்துநரை நோக்கினார்.

நடத்துநர் வாய் திறக்குமுன் மூதாட்டி முந்திக்கொண்டார். “அப்படியா தம்பி? இவனுக்குப் பத்து வயது ஆகிறது. சீட்டின்படி பார்த்தால் இவன் இன்னும் பிறக்கவே இல்லை. இவனுக்கு வாங்கிய அரைச்சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்!”

வண்டி முழுவதும் சிரித்தது. நடத்துநர் சிரிக்கவில்லை. பொறியில் உள்ள கணக்கு ஒன்று. பையில் உள்ள பணம் ஒன்று. வண்டியில் உள்ள தலைகள் ஒன்று. மூன்றும் பொருந்தாவிடில் உலகம் அவரைப்பற்றி என்ன நினைக்கும்? பொறி பொய் சொல்லாது என்பது அக்காலத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆதலின் பொறிக்கும் மனிதனுக்கும் வழக்கு வந்தால் மனிதன்மேலேதான் ஐயம் விழும்.

நல்ல வேளையாக, அவரிடம் பழைய காலத்துப் பழக்கம் ஒன்று மிஞ்சியிருந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஏறியவர் தொகையைப் பென்சிலால் ஒரு துண்டுத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பரிசோதகரும் நேர்மையானவர். இருவரும் திண்டிவனம் நிலையத்தில் ஒரு தூணின் நிழலில் நின்று, தாளையும் பையையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தனர். இரண்டு சீட்டுப் பணம் மட்டும் குறைந்தது. அதை அவர் தம் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார். தொகை சிறிது. எனினும், இருபது ஆண்டில் ஒரு காசும் குறையாதவர் என்ற பெயர் அன்றோடு போயிற்று என்று அவர் வீட்டில் சொல்லி வருந்தினாராம்.

பொறியை விழுப்புரத்தில் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தனர். அவர் ஓர் இளைஞர். நான்கு திருகாணிகளைக் கழற்றிச் சில நிமிடங்களில் நோயைக் கண்டுவிட்டார். செயலிக்கு ஒரு குறையும் இல்லை. நினைவகமும் நன்றாகவே இருந்தது. மின்கலத்தைத் தாங்கும் சிறு வில்கம்பி ஒன்று தளர்ந்து களிம்பேறியிருந்தது. வண்டி குதிக்கும்போதெல்லாம் மின்கலமும் குதித்தது. அந்த நொடியில் மின்னோட்டம் அறுந்தது. பெரிய மின்கலம் விட்ட இடத்தில் கடிகாரத்தைக் காப்பதற்கென உள்ளே பொத்தான் அளவில் வேறொரு சிறு மின்கலம் உண்டு. அஃது எப்பொழுதோ செத்துப்போயிருந்தது. இரண்டையும் மாற்றுவதற்கு ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே அவர் திருகாணிகளை முறுக்கினார்.

இந்நோய் விழுப்புரத்துப் பொறிக்கு மட்டும் உரியது அன்று. கைக்கணிப்பொறி என்ற இனம் பிறந்த நாள்தொட்டு அதனைப் பற்றியிருப்பது. இங்கிலாந்தில் சையான் என்னும் நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் ‘ஆர்கனைசர்’ என்ற கைக்கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவுக் கட்டையில் எழுதியதை அழிக்க வேண்டுமாயின், கட்டையை வெளியே எடுத்துப் புறஊதாக் கதிரில் காட்ட வேண்டும்! பலகையில் எழுதியதை அழிக்க மாணவன் வெயிலில் காத்திருப்பதைப் போன்றது அது. ஆயினும் 1986-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு உறுதிக்குப் பெயர் பெற்றது. விசைகளை மூடிக் காக்கும் வழுக்கு உறை ஒன்றை அதற்கு அமைத்திருந்தனர். கடைகளிலும் பண்டகசாலைகளிலும் அது பல ஆண்டு உழைத்தது.

அதே நிறுவனம் 1997-இல் ‘ஐந்தாம் வரிசை’ என்ற மற்றொன்றை வெளியிட்டது. அழகிலும் அறிவிலும் அதற்கு நிகர் அன்று வேறில்லை என்பர். மூடியைத் திறந்தால் திரை பின்னே சாயும். விசைப்பலகை முன்னே நழுவி வரும். சிப்பி வாய் திறப்பது போன்ற காட்சி. பார்த்தவர் வியந்தனர். ஆனால் திரைக்குச் செல்லும் மின்கம்பிகள் எல்லாம் தாள்போல் மெல்லிய ஒரு நாடாவில் அமைந்து, அந்தக் கீலின் வழியாகவே சென்றன. திறக்கும்போதெல்லாம் நாடா மடங்கும், மூடும்போதெல்லாம் நிமிரும். ஓர் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்தவர்க்கு இதன் முடிவு தெரியும். முதலில் ஒன்றும் ஆகாது, பிறகு சூடேறும், பிறகு பட்டென்று முறியும். உலோகம் களைப்படைவது என்று பொறியியலார் இதனைக் குறிப்பர். வாங்கிச் சில ஆண்டுகளில் பலருடைய திரைகளில் கோடுகள் தோன்றின. பின்னர் எழுத்துகள் மறைந்தன. பொறியின் மூளை உயிரோடிருந்தது. முகம் மட்டும் இறந்தது. அந்நாடாவைத் தாமே மாற்றிக்கொள்ளும் முறையை ஆர்வலர் ஒருவர்க்கொருவர் கற்பித்து, நெடுநாள் அப்பொறிகளைக் காப்பாற்றி வந்தனர்.

காண்போர் வியந்த அசைவே கருவியைக் கொன்றது என்பது எண்ணிப் பார்க்கத் தகும். வடிவமைத்தவர் திறமையில் குறைந்தவர் அல்லர். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை ஆண்டு, எத்தகைய கை அதனைத் திறந்து மூடும் என்பது மேசைமேல் வைத்து வரைந்த படத்தில் தெரிவதில்லை.

இதனை முன்கூட்டியே உணர்ந்தவர் அமெரிக்கரான ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர். 1996-இல் வெளிவந்த ‘பைலட்’ என்னும் கைக்கணிப்பொறியைப் படைத்தவர் அவர். அதனைச் செய்யுமுன் சட்டைப்பைக்கு ஏற்ற அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டார். சீனர் உணவு உண்ணும் குச்சி ஒன்றை எழுதுகோலாகச் சீவிக்கொண்டார். போகுமிடமெல்லாம் அக்கட்டையை எடுத்துச் சென்றார். யாரேனும் நாள் குறித்தால் கட்டையை எடுத்து, அதில் எழுதுவதுபோல் பாவனை செய்வார். கண்டவர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் பையில் எது உறுத்துகிறது, கையில் எது வழுக்குகிறது என்பவற்றை அக்கட்டை அவருக்குக் கற்பித்தது. அத்தகைய பைலட்டிலும் ஒரு குறை இருந்தது. எழுதியவை எல்லாம் மின்சாரம் உள்ளவரைதான் நினைவில் நிற்கும். மின்கலத்தை மாற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடமே அவகாசம். புதிய மின்கலம் மேசைக்கடியில் உருண்டோடிவிட்டால், ஓராண்டுக் குறிப்புகளும் அதனோடு உருண்டோடும்!

நம் நாட்டில் இத்துறையில் எடுத்த முதற்பெரு முயற்சி ‘சிம்ப்யூட்டர்’ ஆகும். 1998-ஆம் ஆண்டில் பெங்களூரில் கூடிய அறிஞர் சிலர், எழுதப் படிக்கத் தெரியாத சிற்றூர் மக்களும் பயன்படுத்தத்தக்க கைக்கணிப்பொறி ஒன்று வேண்டும் என்று கருதினர். இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் பொறியியலாளர் சிலரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவினர். 2001-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் முதல் மாதிரியை உலகுக்குக் காட்டினர். இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஓர் ஊருக்கு ஒரு பொறி போதும். ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டையை வைத்துக்கொண்டால், அட்டையைச் செருகிய அளவில் பொறி அவருடையதாகிவிடும். வறியவர் நாட்டுக்கு எத்துணைப் பொருத்தமான எண்ணம்!

ஆயின் இவ்வெண்ணத்தின் உள்ளே ஒரு கடுமையான வேலை மறைந்திருந்தது. ஒருவர் கையில் பழகும் பொருள் வேறு. ஊரார் கையில் பழகும் பொருள் வேறு. சொந்தக் குடத்தை இடுப்பில் வைத்து மெல்ல இறக்குவோரும் ஊர்க்கிணற்று வாளியை அவ்வாறு இறக்குவதில்லை. அதனால்தான் ஊர்க்கிணற்று வாளியைத் தடித்த இரும்பில் செய்தனர் முன்னோர். நூறு பேர் அட்டையைச் செருகி உருவும் துளை, நூறு விரல் அழுத்தும் திரை, நூறு பேர் வீட்டுத் திண்ணையிலும் வைக்கப்படும் உடல் ஆகியவை வாளியைப்போல் தடித்திருக்க வேண்டும். விலையோ மிகக் குறைந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒரு வீட்டில் எளிதில் குடியிருப்பன அல்ல. 2004-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரத மின்னணு நிறுவனம் உற்பத்தி செய்த ‘அமிடா’ என்ற சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கியது. 2005 வரையில் விற்றவை சில ஆயிரமே. அதற்குள் மலிவான கைபேசிகள் சந்தைக்கு வந்துவிட்டன. சிம்ப்யூட்டர் சிற்றூர்களை அடையுமுன் காலம் அதனைக் கடந்துவிட்டது.

இதே பாரத மின்னணு நிறுவனம் செய்யும் மற்றொரு பொறியைத் திண்டிவனத்து மக்கள் நன்கு அறிவர். அது வாக்குப்பதிவுப் பொறி. 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதல் பயன்பட்ட அப்பொறிக்கு ஒரே வேலைதான். பல ஆயிரம் பேர் விரலால் அழுத்துவர் என்று தெரிந்தே அதன் பொத்தானைப் பருமனாக அமைத்தனர். பல வேலை செய்யும் பொறிக்குப் பல அச்சாணிகள் வேண்டும். ஒரு வேலை செய்யும் பொறிக்கு ஓர் அச்சாணி போதும் போலும்.

சிம்ப்யூட்டருக்குப் பின் வந்தது ‘ஆகாஷ்’. மாணவர்க்கென நடுவண் அரசு 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் புதுதில்லியில் அதனை வெளியிட்டது. பலகைபோன்ற வடிவம், 7 அங்குலத் தொடுதிரை, நினைவகம் 256 மெகாபைட்டு. உலகிலேயே விலை குறைந்த கணிப்பலகை என்று நாளிதழ்கள் பாராட்டின. கையில் வாங்கிப் பார்த்தோர் சிலர் வேறுவிதமாகக் கூறினர். திரை விரலுக்கு உடனே இணங்கவில்லை. மின்கலம் விரைவில் வறண்டது. பலகை சூடேறியது என்று குறைகள் எழுந்தன.

திரை இணங்காமைக்குக் காரணம் உண்டு. மலிவான தொடுதிரையில் மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய ஏடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, இடையே மயிரிழை இடைவெளியோடு அமைந்திருக்கும். விரல் அழுத்தும்போது மேலேடு குழிந்து கீழேட்டைத் தொடும். தொட்ட இடத்தைப் பொறி கணக்கிடும். ஆதலின் வருடினால் போதாது, அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த மேலேடு தளரும். மணல் துகள் ஒன்று விரலோடு வந்தால் கீறல் விழும். நாளடைவில், தொட்டது ஓரிடமும் பொறி கண்டது வேறிடமும் ஆகும். ‘அ’ என்ற இடத்தைத் தொட்டால் ‘ஆ’ விழும். விலையுயர்ந்த திரைகள் அழுத்தத்தை எதிர்பார்ப்பதில்லை. விரலின் மின்தன்மையையே உணர்ந்துகொள்ளும். 2012-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் வெளியிட்ட இரண்டாம் ஆகாஷில் இவ்வகைத் திரையையே அமைத்தனர்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கு எழுந்தது. முதல் ஆகாஷைச் சோதிக்கும் பொறுப்பு இராசத்தானத்து இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடம் இருந்தது. கொட்டும் மழையையும் கீழே விழும் அதிர்ச்சியையும் பலகை தாங்க வேண்டும் என்று சோதிப்போர் கூறினர். படைத்துறைக் கருவிக்கு உரிய சோதனையை இவ்விலைக்குச் செய்த பொருளின்மேல் சுமத்தலாமா என்று செய்து தந்தோர் கேட்டனர். இரு பக்கமும் நியாயம் உண்டு. கொடுத்த காசுக்கு மேற்பட்ட உறுதியை எதிர்பார்ப்பது பேராசை என்று சொல்லலாம். ஆனால் விலை குறைவு என்பதற்காக மழை குறைவாகப் பெய்வதில்லை. பள்ளிச் சிறுவன் புத்தகப் பையை மெதுவாக எறிவதும் இல்லை. உறுதியான பொருள் தேவைப்படுவது உடைந்தால் மற்றொன்று வாங்க இயலாதவனுக்கே. அவனுக்குத்தான் உலகம் பெரும்பாலும் மெலிந்த பொருளை விற்கிறது.

மழையை விடுத்து வெயிலை நோக்கினால், விழுப்புரம் முதல் திண்டிவனம் வரையுள்ள ஏறக்குறைய 40 கிலோமீட்டர்ச் சாலையே ஒரு சோதனைக்கூடம் எனலாம். கோடையில் நிழலிலேயே 40 பாகை வெப்பத்தை எட்டும் நாள்கள் உண்டு. எஞ்சின் பெட்டியின் அருகே நின்றால் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் மின்கலத்திற்கு வெப்பம் கொடிய பகை. சூட்டில் வைத்த மின்கலம் விரைவில் மூப்படையும். சில பொறிகளில் மை இல்லை. சூடுபட்டால் கறுக்கும் தாளில் எழுத்தைச் சுட்டே எழுதும். அத்தாள் வெயிலில் கிடந்தால் எழுத்து மங்கும். சூடான தகட்டின்மேல் கிடந்தால் முழுவதும் கருகும். மார்பு வியர்வையில் நனைந்த சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, “சீட்டு வாங்கினேன் ஐயா” என்று விழிப்போரைக் காண்பது அரிதன்று. பொறிக்கும் அவருக்கும் இடையே உள்ள உண்மை வெயிலில் கரைந்துவிட்டது. அவர் என் செய்வார்?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் செல்லும் வழியில் உப்பளங்கள் உள்ளன. கடற்காற்றோடு உப்பு வரும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பூக்கும். மின்கலத்தைத் தொடும் தகடுகளில் முதலில் பூப்பது அதுவே. மேற்கூறிய வில்கம்பியை அரித்ததும் இதுவாகவே இருக்க வேண்டும் என்பது அவ்விளைஞரின் முடிபு. அந்தப் பொறி முன்னர் மரக்காணம் வண்டியில் ஓடியதாம். வழியெல்லாம் வண்டி நடுங்குகிறது. நடுக்கமும் சூடும் குளிரும் மாறிமாறித் தாக்கும்போது, மின்சுற்றுப் பலகையில் உறுப்புகளைப் பிடித்திருக்கும் ஈயப் பற்றுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகும். இத்தகைய பொறி காலையில் ஓடும், நண்பகலில் நிற்கும், பழுது பார்க்கக் கொண்டு சென்றால் அங்கே நன்றாக ஓடும். நோயாளி மருத்துவரைக் கண்டவுடன் நலமடைவதைப் போன்ற இந்தக் குறும்புதான் நடத்துநரை எல்லாவற்றிலும் மிகுதியாக வருத்துவது. “எங்கே ஐயா பழுது?” என்று கேட்டால் காட்ட ஒன்றும் இராது.

இந்த நிலத்தில் நீடித்து நிற்கும் பொருளே இல்லையோ என்று மயங்க வேண்டா. திண்டிவனத்திலிருந்து தொலைவில் இல்லாத திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்று நிலநூலார் கணிக்கின்றனர். மரத்தின் வரிகள்கூட அழியவில்லை. அவ்வளவு வேண்டா, ஒரு கத்திரியிலிருந்து மறு கத்திரி வரை நின்றால் போதும் என்பதே நடத்துநரின் விருப்பம்.

உறுதியை அளக்க இன்று முறைகள் உண்டு. இடுப்புயரத்திலிருந்து கல்தரையில் பலமுறை போட்டுப் பார்ப்பர். தூசி நிறைந்த பெட்டியில் அடைத்து வைப்பர். நீரைப் பீச்சுவர். ஒரு கருவியின்மேல் இரண்டு இலக்கம் பொறித்திருந்தால், முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் ஆற்றலையும் இரண்டாவது நீரைத் தடுக்கும் ஆற்றலையும் குறிக்கும். முதல் இலக்கம் 6 என்றால் தூசி சிறிதும் புகாது என்பது பொருள். வாங்குவோர் செயலியின் வேகத்தைக் கேட்கும் அளவுக்கு இவ்விலக்கங்களைக் கேட்பதில்லை. சீட்டு ஒன்றை ஒரு நொடியில் அச்சிடுமா, அரை நொடியில் அச்சிடுமா என்பதில் என்ன இருக்கிறது? பயணி சில்லறை தேடுவதற்கே அரை நிமிடம் ஆகும்.

அந்த நடத்துநருக்கு 2024-ஆம் ஆண்டில் புதிய பொறி ஒன்று கிடைத்தது. ஓய்வு பெற அவருக்குச் சில திங்களே எஞ்சியிருந்தன. அது பளபளப்பான தொடுதிரை உடையது. கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துவோரிடமும் அது பெற்றுக்கொள்ளும். அதன் முதுகில் மூடி நெகிழ வழியே இல்லை. நான்கு மூலையிலும் திருகாணி இட்டு இறுக்கியிருந்தனர். உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் அதனைப் பயன்படுத்தும் முறையை அவருக்கு விளக்கிவிட்டு, “இனி உங்களுக்குக் கவலை இல்லை, அண்ணே” என்றார்.

“நல்லது தம்பி” என்று அவர் வாங்கிக்கொண்டார். விடியற்காலை வண்டி, விழுப்புரம் நிலையத்தில் தேநீர்க்கடை அடுப்புகள் அப்பொழுதுதான் புகையத் தொடங்கியிருந்தன. அவர் படியில் ஏறிப் பொறியைத் திருப்பி, நெகிழாத அந்த முதுகைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சட்டைப்பையில் பென்சில் இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டார். பின்னர் விசில் ஊதினார்.